வில்லங்கம்

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, பதினோராவது தளம்.
வெள்ளைக்காரன் துப்பாக்கி பழகிய திடலுக்கு மேல்,
ஈரத்துணி சொட்டும் கழிகளுக்குக் கீழ்
ஒரு வில் செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

கொய்யா. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று
மாநகராட்சி ஆட்கள் வெட்டிப் போட்டது.
லோரி வருவதற்குள் ஒரு கிளையை
லிஃப்டில் ஏற்றிவிட்டேன். குறுக்கே நின்றது.
ஐந்தாம் மாடியில் ஏறிய பையன்
பெரியவர் யாரோ நிற்பதுபோல் ஒதுங்கி நின்றான்.

பிளந்து, கட்டிலுக்கடியில் எட்டு மாதம்.
வெளியே இழுத்தால்
மூன்று நெளிவு, ஒரு முடிச்சு.
"வீட்டுக்குள்ள இது என்ன வில்லங்கம்,
கடையில ஃபைபர்ல கிடைக்குதே" என்றார் இவர்.
கிடைக்கும்.

முதுகைத் தொடக்கூடாது.
பட்டைக்கடியில் மரம் தானே போர்த்திய தோல்
முனையிலிருந்து முனைவரை
அறுபடாமல் ஓட வேண்டும்.
சுரண்டுவதெல்லாம் வயிற்றில்தான்.
இதில் ஏதோ தத்துவம் இருக்கிறது என்று
சொல்ல வாயெடுத்தேன். கேட்க ஆளில்லை.
சுரண்டினேன்.

பகலில் பாயான் லெப்பாஸ்.
நுண்ணோக்கிக்குக் கீழே
எறும்புக் கால் மாதிரி முப்பத்திரண்டு பின்கள்.
ஒன்று மயிரளவு வளைந்திருந்தாலும்
சிவப்புத் தட்டு.
பத்தொன்பது வருடம். என் கண்ணுக்கு
நேர்க்கோடு தவிர எதுவும் தெரியாது என்று
சூப்பர்வைசர் புண்ணியசீலன் பாராட்டுவார்.

இரவில், கதவு நிலையில் அடித்த கட்டையில்
வில்லை மாட்டி, கயிற்றைக் கீழே இழுப்பேன்.
மேல் கை இளகி வளையும்.
கீழ்க் கை முடிச்சுக்கு அப்பால் அசையாது.
அங்கே குப்பிச் சில்லால் பத்துச் சுரண்டல்.
பிறகு முப்பது இழுப்பு,
மரம் செய்தியைக் கேட்டுக்கொள்ளும் வரை.
மறுபடி தள்ளி நின்று பார்.

"திக்குஸா?" என்று கீழ்வீட்டு கோர் அம்மா
கதவைத் தட்டினார். எலி இல்லை என்று காட்டினேன்.
போனவர் திரும்பி வந்தார்,
பாலிக் புலாவ் டுரியான் நிறுக்கும் கொக்கித் தராசோடு.
மாட்டி இழுத்தோம். பதினாறு கிலோ.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஓவர்டைம் முடிந்து வந்த ஒரு ராத்திரி
ஏழு சுரண்டல் கூடிப்போயிற்று.
மேல் கை அந்த இடத்தில் மட்டும்
முழங்கை போல மடிந்தது.

மெலிந்த இடத்தில் மரத்தை ஒட்ட முடியாது.
மெலியாத இடமெல்லாம்
அந்த இடத்துக்கு இறங்கி வர வேண்டும்.
ஒரு விரற்கடைப் பிழைக்கு
ஐந்தடி மரமும் இளைத்தது.
பதினைந்து. பதின்மூன்று. பதினொன்று.
ஒவ்வோர் எண்ணுக்கும் கோர் அம்மா
விலை விழுந்த டுரியானுக்குப் போல உச்சுக்கொட்டினார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள்.
இது ஐந்திலேயே தன் இஷ்டத்துக்கு வளைந்தது.
எனக்கு ஐம்பத்திரண்டு.
நெளிவை நான் நிமிர்த்தவில்லை,
அது போன வழியிலேயே சில்லும் போயிற்று.
நுனியை மட்டும் நல்லெண்ணெய் தடவி
கேஸ் அடுப்பில் காட்டி, மிதித்து,
ஒரு விரல் அகலம் தள்ளினேன்.
வீடெல்லாம் சுட்ட அப்பள வாசனை.

சனிக்கிழமை நாணேற்றினேன்.
நாண் என்றால் வெட்கமும்தான்;
கட்டியதும் மரம் கொஞ்சம்
தலை குனிந்த மாதிரி இருந்தது.
ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து பார்த்தேன்.
மரம் இடம் வலம் இடம் என்று
குடித்தவன் போல வந்தது.
கயிறு அதைக் கண்டுகொள்ளாமல்
பிடியின் நட்ட நடுவில் ஓடியது.

எங்கே எய்வது என்று தெரியவில்லை.
நடைபாதையில் கூடாதென்று
காவலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

திங்கள் காலை, முதல் தட்டிலேயே
ஒரு பின் வளைந்திருந்தது.
வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
சிவப்புத் தட்டில் போட்டேன்.